'ராயல் ஜார்ஜ்' கப்பலை மூழ்கடித்தது உளுத்த மரமா, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்களா?

திசைகாட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றிப் படித்துவரும்போது, 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலின் முடிவு என்னைப் பெரிதும் குழப்புகிறது. 1782 ஆகஸ்ட் 29 அன்று காலை, போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள ஸ்பிட்ஹெட் என்னும் நங்கூரப் பகுதியில், புயலும் இல்லாமல் எதிரியும் இல்லாமல், நூறு பீரங்கிகள் தாங்கிய அந்தக் கப்பல் சில நிமிடங்களுக்குள் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். ரியர் அட்மிரல் ரிச்சர்ட் கெம்பன்ஃபெல்ட்டும் அவர்களில் ஒருவர்.

கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு சிறு பழுதைச் சரிபார்ப்பதற்காக அதை வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார்கள் என்பது எல்லா விவரிப்புகளிலும் வருகிறது. ஆனால் பின்னர் கூடிய கடற்படை நீதிமன்றமோ, கப்பல் அளவுக்கு மீறிச் சாய்க்கப்படவில்லை என்றும், அதன் மரச்சட்டங்கள் பொதுவாகவே உளுத்துப் போயிருந்ததால் முக்கியமான ஏதோ ஒரு பகுதி பிய்ந்துகொண்டது என்றும் கூறி, கேப்டன் மார்ட்டின் வாக்ஹார்னையும் மற்றவர்களையும் விடுவித்துவிட்டது. இந்தத் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம்? அதிகாரிகளைக் காப்பாற்றச் செய்யப்பட்ட ஏற்பாடா, அல்லது மரம் உண்மையிலேயே காரணமாக இருந்திருக்கக்கூடுமா? கப்பலின் முந்தைய வரலாற்றையும் யாரேனும் சுருக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நடுமரம்

மரத்தைப் பற்றிய பேச்சு விளங்க வேண்டுமானால் கப்பலின் வயதிலிருந்து தொடங்குவதே சரி. இதைக் கட்டும்படி 1746-இல் உத்தரவிடப்பட்டது. வூலிச் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பத்தாண்டுகள் இழுத்தடித்து, 1756 பிப்ரவரி 18 அன்றுதான் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. முதலில் 'ராயல் ஆன்' என்று பெயர் வைப்பதாக இருந்து, கட்டிக்கொண்டிருக்கும்போதே பெயரை மாற்றினார்கள். அன்றைய உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் இதுதான். அக்காலக் கணக்கு முறைப்படி 2,000 டன்னைத் தாண்டிய முதல் போர்க்கப்பலும் இதுவே. பீரங்கித் தளத்தின் நீளம் 178 அடி, அகலம் ஏறத்தாழ 52 அடி. கட்டி முடித்த ஆண்டிலேயே ஏழாண்டுப் போர் தொடங்கிவிட்டதால், ஆங்கிலக் கால்வாயையும் பிஸ்கே விரிகுடாவையும் காவல் காத்த மேற்குப் படைப்பிரிவில் இது உடனே சேர்க்கப்பட்டது.

இதன் பெயரை நிலைநிறுத்தியது 1759 நவம்பர் 20 அன்று பிரான்ஸின் பிரித்தானி கரையோரத்தில் நடந்த கிபெரோன் விரிகுடாப் போர். அட்மிரல் எட்வர்ட் ஹாக் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தம் தளபதிக் கொடியை (அதாவது தலைமை இடத்தை) 'ரமிலீஸ்' கப்பலிலிருந்து 'ராயல் ஜார்ஜு'க்கு மாற்றியிருந்தார்; கேப்டனாக இருந்தவர் ஜான் கேம்ப்பெல். மேற்கிலிருந்து வீசிய கடும் புயற்காற்றில், பிரெஞ்சுத் தளபதி கோன்ஃப்லான் தம் கப்பல்களைப் பாறைகள் நிறைந்த விரிகுடாவுக்குள் ஒதுக்கிக்கொண்டார். அந்தக் கரையின் வரைபடம் சரியாகக் கையில் இல்லாத ஆங்கிலேயர் பின்தொடர மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. ஹாக் பின்தொடர்ந்தார். மாலை மங்கும் நேரத்தில் 'ராயல் ஜார்ஜ்' ஒரு பக்கப் பீரங்கிகளை எல்லாம் சேர்த்து இரண்டு முறை சுட்டதில், 'சுபெர்ப்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அறுநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு கீழே போயிற்று.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அதே போரின் இன்னொரு நிகழ்ச்சி மிகவும் பொருத்தமாக இருக்கிறது. 'தெசே' என்ற 74 பீரங்கிக் கப்பல், 'டார்பே' என்ற ஆங்கிலக் கப்பலோடு மோதிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்துப் பீரங்கிச் சாளரங்களைத் திறந்துவைத்தே சுட்டுக்கொண்டிருந்தது. கொந்தளித்த கடல் அந்தச் சாளரங்கள் வழியாக உள்ளே புகுந்ததும் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. ஏறத்தாழ 650 பேரில் 22 பேர்தான் பிழைத்தார்கள். 'டார்பே'யிலும் அதே போலத் தண்ணீர் ஏறியது. ஆனால் அதன் கேப்டன் கெப்பல் கப்பலை உடனே காற்றை நோக்கித் திருப்பிவிட்டதால் அது தப்பியது. ஆகவே, திறந்த சாளரம் வழியாக நுழையும் தண்ணீர் ஒரு பெரிய கப்பலை எவ்வளவு விரைவாகக் கொல்லும் என்பது 1782-இல் யாருக்கும் புதிய செய்தி அன்று.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1763-இல் அமைதி ஏற்பட்டதும் கப்பல் பிளிமத்தில் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸும் தலையிட்ட பிறகு, 1778-இல் மறுபடியும் பணிக்கு எடுக்கப்பட்டது. 1780 ஜனவரியில் அட்மிரல் ரோட்னியின் தலைமையில், முற்றுகையில் சிக்கியிருந்த ஜிப்ரால்டரை மீட்கச் சென்ற படையில் இருந்தது. செயின்ட் வின்சென்ட் முனைக்கு அருகே இரவில் நடந்த போரிலும் பங்குகொண்டது. 1782-இல் கெம்பன்ஃபெல்ட் இதில் கொடியேற்றினார். அப்போது கப்பலுக்கு வயது 26. ஓக் மரத்தால் கட்டிய கப்பலுக்கு இது மூப்புதான், ஆனால் கேள்விப்படாத வயது அன்று.

ஆழமானி

நடுமரம் சொன்ன 'தெசே' எடுத்துக்காட்டை அப்படியே பற்றிக்கொண்டு, ஆகஸ்ட் 29 காலையில் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். தீர்ப்பைப் பற்றிய என் கருத்து அதிலிருந்தே புலப்படும்.

தளங்களைக் கழுவுவதற்குக் கடல்நீரை உள்ளே எடுக்கும் ஒரு குழாய், கப்பலின் வலப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மூன்று அடி கீழே இருந்தது. அதன் வாய்ப் பகுதியை மாற்ற வேண்டியிருந்தது. உலர்துறைக்கு (நீரை வடித்துக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் துறை) கொண்டுபோவதென்றால் பீரங்கிகளையும் சரக்குகளையும் இறக்கி, பெரிய ஓதத்துக்காகக் காத்திருந்து, மறுபடியும் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஜிப்ரால்டரை மீட்க அட்மிரல் ஹௌவின் படை புறப்படவிருந்த நேரத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆகவே நின்ற இடத்திலேயே கப்பலை இடப்பக்கமாக ஒருக்களித்துச் சாய்த்து, வலப்பக்கத்துக் குழாயை நீருக்கு மேலே கொண்டுவரத் தீர்மானித்தார்கள். அன்றைய கடற்படையில் இது அன்றாட நடைமுறை. இடப்பக்கப் பீரங்கிகளைச் சாளரங்கள் வழியாக முடிந்தவரை வெளியே தள்ளுவார்கள்; வலப்பக்கப் பீரங்கிகளை உள்ளே இழுத்துக் கப்பலின் நடுவில் கட்டிவைப்பார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பக்கத்துக்கு 14 பீரங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 டன் எடை. அந்த ஒரு தளத்தில் மட்டுமே நாற்பது டன்னுக்கு மேல் இடம் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இப்போது ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலத்தில் பாதி 26 அடி. மூன்றடி ஆழத்தில் இருக்கும் குழாயை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர மட்டுமே 7 பாகை அளவு சாய்க்க வேண்டும். தச்சர்கள் அங்கே தொங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஜிப்ரால்டருக்கென்று மாதக்கணக்கான உணவுப்பொருளும் நீரும் வெடிமருந்தும் நிரப்பிய முதல் தரக் கப்பலில் (நூறு பீரங்கிகள் தாங்கும் மிகப் பெரிய வகை), கீழ்த்தளச் சாளரத்தின் அடிக்கட்டை நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தாலே பெரிது. அந்த ஐந்தடியும் தீர்ந்துபோவது 11 பாகையில். செய்ய நினைத்த வேலைக்கும் பேராபத்துக்கும் இடையே நான்கு பாகைகூட இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கீழ்த்தளத்து இடப்பக்கச் சாளரங்களோ திறந்திருந்தன. பீரங்கிகளை வெளியே நீட்டிவைத்த பிறகு அவற்றை மூடவும் இயலாது.

இந்த நிலையில்தான், காலை ஒன்பது மணி அளவில், 'லார்க்' என்ற சிறு சரக்குக் கப்பல் ரம் பீப்பாய்களோடு வந்து, தாழ்ந்திருந்த இடப்பக்கத்திலேயே அணைந்து நின்றது. பீப்பாய்களை ஏற்ற ஆட்கள் அந்தப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். ஆட்களின் எடை, ஏறிய பீப்பாய்களின் எடை எல்லாமே சாய்ந்த பக்கத்தில் சேர்ந்தன. சிற்றலை ஒவ்வொன்றும் சாளரத்தின் அடிக்கட்டையைத் தாண்டி உள்ளே சிந்தத் தொடங்கியது. பிழைத்தவர்களுள் ஜேம்ஸ் இங்க்ரம் என்ற மாலுமி முதுமையில் சொன்ன விவரிப்பில் ஒரு செய்தி வருகிறது: கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியதால் மறைவிடங்களிலிருந்து வெளியேறிய எலிகளை, மாலுமிகள் அந்தத் தண்ணீரிலேயே துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்களாம். மனிதர்கள் விளையாடும் அளவுக்குத் தளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. அதை ஆபத்தாக யாரும் எண்ணவில்லை.

தச்சர் எண்ணினார். அவர் மேல்தளத்துக்குப் போய், கப்பல் இதைத் தாங்காது, நிமிர்த்த உத்தரவிடுங்கள் என்று காவல் பணியில் இருந்த லெப்டினன்டிடம் கேட்டார். பயனில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்க் கேட்டபோது, கப்பலை என்னைவிட நன்றாக நடத்தத் தெரியுமானால் தலைமையை நீரே ஏற்றுக்கொள்ளும் என்ற பொருளில் எரிச்சலான பதில் கிடைத்ததாக இங்க்ரம் சொல்கிறார். அந்த லெப்டினன்டுக்கு மாலுமிகள் ஒரு பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். அவர் மீது அவ்வளவாக மதிப்பில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது. அவர் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் சர்ச்சை உண்டு. நிமிர்த்தச் சொல்லி முரசடிக்க உத்தரவு வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. இங்க்ரமும் தோழர்களும் முரசுக்குக் காத்திராமல், நடுவிலிருந்த தங்கள் பீரங்கியை வலப்பக்கச் சாளரத்தை நோக்கி மேலேற்ற முயன்றார்கள். சரிந்த தளத்தில் மூன்று டன் எடையை மேட்டில் ஏற்றுவது நடக்கிற காரியமா? அது அவர்கள் மீதே திரும்பி உருண்டு வந்தது.

கீழ்த்தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்குத் தடுப்பே இல்லாத திறந்த வெளி. தாம்பாளத்தில் ஊற்றிய நீர் தாம்பாளம் சாயும் பக்கமே ஓடுவது போல, உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் இடப்பக்கத்துக்கே ஓடியது. ஓடிய தண்ணீர் சாய்வை அதிகமாக்கியது. அதிகமான சாய்வு மேலும் தண்ணீரை உள்ளே விட்டது. இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் கணக்கு நிமிடங்களில்தான். 'லார்க்'கும் பெரிய கப்பலின் பாய்மரங்களில் சிக்கி உடன் மூழ்கியது.

'கப்பல் மிகக் குறைந்த நேரத்தில் மூழ்கியது, ஆகவே ஏதோ ஒரு சட்டம் பிய்ந்திருக்க வேண்டும்' என்பதுதான் நீதிமன்றத்தின் வாதம். எனக்கு இதுவே பலவீனமான கண்ணியாகத் தெரிகிறது. 1545-இல் இதே கடற்பகுதியில் 'மேரி ரோஸ்' மூழ்கியதும், 1628-இல் ஸ்டாக்ஹோமில் 'வாசா' மூழ்கியதும் திறந்த பீரங்கிச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்துதான். அவையும் நிமிடங்களில் மூழ்கின. 'வாசா' அப்போதுதான் கட்டி முடித்த கப்பல், அதில் உளுத்த மரம் எங்கே இருந்தது?

ஓக்கட்டை

ஆழமானியின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடுவது நியாயமாகப் படவில்லை.

1782 செப்டம்பர் 9 அன்று, 'வார்ஸ்பைட்' கப்பலில், வைஸ் அட்மிரல் பாரிங்டன் தலைமையில் அந்த நீதிமன்றம் கூடியது. உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் பலமுறை கப்பல்களைச் சாய்த்துப் பழுது பார்த்தவர்கள். திறந்த சாளரத்தின் ஆபத்து அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? சாய்வு வழக்கத்துக்கு மேற்பட்டதன்று என்று சாட்சிகள் சொன்னார்கள். மூழ்குவதற்குச் சற்று முன்னால் ஏதோ முறியும் ஓசை கேட்டதாகவும் சாட்சியம் உண்டு. நீதிமன்ற உறுப்பினரான அட்மிரல் மில்பேங்க், பிளிமத் உலர்துறையில் இந்தக் கப்பலின் பலகைகளைக் கழற்றியபோது தாமே நேரில் பார்த்ததாகவும், திறந்த இடத்தில் நல்ல மரம் ஒன்றைக் காண்பதே அரிதாக இருந்ததாகவும் சொன்னார். பதினைந்து ஆண்டுகள் நன்னீரும் மழையும் காற்றோட்டமில்லாத புழுக்கமுமாகச் சும்மா நிறுத்திவைத்த கப்பலில் இது நடக்கக்கூடியதே. போர் அவசரத்தில் முழுமையாகப் பிரித்துக் கட்டாமல் பணிக்கு எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் கப்பல்களில் நீருக்குக் கீழே செப்புத் தகடு போர்த்துவது அவசரமாகப் பரவிக்கொண்டிருந்தது. செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால் இரும்பு விரைவாக அரிக்கப்பட்டுவிடும். பலகைகளைச் சட்டங்களோடு பிணைத்திருந்ததோ இரும்பு ஆணிகள்தான். அந்தச் சில ஆண்டுகளில் பல கப்பல்கள் இழக்கப்பட்ட பிறகே, ஆணிகளையும் செம்புக் கலவையில் செய்ய வேண்டும் என்று கடற்படை விதியை மாற்றியது. வெளியே பளபளக்கும் தகடு, உள்ளே அரிக்கப்பட்ட ஆணி, அதற்கும் உள்ளே உளுத்த சட்டம் என்ற கப்பலில், நடுவில் குவித்துவைத்த பீரங்கிகளின் எடை பழக்கமில்லாத திசையில் அழுத்தினால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். ஒருவேளை இரண்டு காரணங்களும் சேர்ந்தே செயல்பட்டிருக்கலாம்: மரம் விட்டுக்கொடுத்ததால் சாய்வு திடீரென்று ஓரிரு பாகை கூடி, சாளரங்கள் நீருக்குள் போயிருக்கலாம்.

தவிர, இந்தத் தீர்ப்பு அதிகாரிகளைக் காப்பாற்றியது உண்மைதான் என்றாலும், அரசாங்கத்தைக் காப்பாற்றவில்லை. கப்பல்களின் பராமரிப்புக்குப் பொறுப்பான கடற்படை வாரியத்தின் மீதுதான் அது பழியை ஏற்றியது. அந்த வாரியத்தின் தலைவராக இருந்த சார்லஸ் மிடில்டன், இறந்துபோன கெம்பன்ஃபெல்ட்டோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பில் இருந்தவர். மூடி மறைப்பதுதான் நோக்கமென்றால் இதைவிட வசதியான தீர்ப்பை எழுதியிருக்கலாம்.

திசைகாட்டி

மூவருக்கும் நன்றி. ஓக்கட்டையின் வாதம் என்னை மறுபடியும் யோசிக்க வைக்கிறது. இரண்டு துணைக் கேள்விகள். துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலில் அத்தனை பெண்களும் குழந்தைகளும் எப்படி இருந்தார்கள்? மேலும், மூழ்கிய கப்பலைப் பின்னர் முக்குளிப்போர் சென்று பார்த்ததாகப் படித்தேன். மரம் முறிந்திருந்ததா என்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டுமே?

முத்துக்குளி

முதல் கேள்விக்கு விடை எளிது. மாலுமிகளைக் கரைக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள் என்ற அச்சத்தால், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் அவர்களுக்கு இறங்க அனுமதி கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக மனைவியரும் குழந்தைகளும் படகேறிக் கப்பலுக்கு வர விட்டார்கள். அவர்களோடு விற்பனை செய்ய வந்தவர்களும் பிற பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். படை புறப்படும் நாள் நெருங்கிவிட்டதால் அன்று கூட்டம் அதிகம். முந்நூறு பெண்களும் அறுபது குழந்தைகளும் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. காப்பாற்றப்பட்ட 255 பேரில் பெண்கள் 11 பேர், குழந்தை ஒன்றே ஒன்று. அந்தச் சிறுவன் நீந்திக்கொண்டிருந்த ஓர் ஆட்டைப் பற்றிக்கொண்டு பிழைத்ததாகச் சொல்வார்கள். கேப்டன் வாக்ஹார்ன் பிழைத்தார், அதே கப்பலில் பணியாற்றிய அவருடைய மகன் பிழைக்கவில்லை. கெம்பன்ஃபெல்ட் தம் அறையிலேயே இருந்தார். கப்பல் சரிந்ததில் கதவு இறுகிக்கொண்டு திறக்க முடியாமல் போய்விட்டது. பல உடல்கள் எதிரே வைட் தீவின் ரைடு கரையில் ஒதுங்கின, அங்கேயே புதைக்கப்பட்டன. லண்டன் லாயிட்ஸ் காப்பிக் கடையில் கூடும் வணிகர்கள் விதவைகளுக்கும் குழந்தைகளுக்குமாக நிதி திரட்டி, ஆறாயிரம் பவுனுக்கு மேல் சேர்த்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை அவ்வளவு நிறைவாக இராது. மூழ்கிய கப்பல் அடியில் ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது. பாய்மரங்களின் உச்சி நீருக்கு மேலே தெரிந்தது, பலர் அவற்றில் தொற்றிக்கொண்டுதான் உயிர் பிழைத்தார்கள். வில்லியம் டிரேசி என்பவர் 1782–83-இல், கப்பலுக்கு அடியில் வடங்களைச் செலுத்தி, மேலே மிதக்கும் கப்பல்களோடு கட்டி, ஓதம் ஏறும்போது தூக்கிவிட முயன்றார். சற்று நகர்த்தவும் செய்தார், ஆனால் எழுப்ப முடியவில்லை. அதிகாரிகள் போதிய ஒத்துழைப்புத் தரவில்லை என்று அவர் பின்னர் குறை கூறினார். உளுத்த மரம் வெளியே தெரிந்துவிடும் என்று வாரியம் பயந்தது என்றும், மரம் நன்றாக இருப்பது தெரிந்துவிடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள் என்றும் இரண்டு விதமாகவும் வதந்தி கிளப்ப இந்தச் செய்தி வசதியாக இருந்தது!

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சேறு ஏறியது. 1834-இல் சார்லஸ் டீன், ஜான் டீன் சகோதரர்கள் தாங்கள் உருவாக்கிய, மேலிருந்து காற்றைச் செலுத்தும் தலைக்கவசத்தோடு இறங்கி, ஏறத்தாழ முப்பது பீரங்கிகளை மேலே கொண்டுவந்தார்கள். அந்த வேலையின்போதுதான், 1836-இல், மீனவர்களின் வலை சிக்கிய ஓர் இடத்தைப் பார்க்கப் போய், ஆழமானி குறிப்பிட்ட 'மேரி ரோஸ்' கப்பலையும் அவர்கள் கண்டார்கள். சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கிய கப்பலும், அப்படி மூழ்கியதாக நாம் வாதிடும் கப்பலும் அவ்வளவு அருகில் கிடந்திருக்கின்றன.

1839 முதல் ராணுவப் பொறியியல் படையின் கர்னல் சார்லஸ் பாஸ்லி வந்தார். அவருக்கு வரலாற்றில் அக்கறையில்லை. நங்கூரப் பகுதியைத் துப்புரவாக்குவதே அவருடைய வேலை. ஈயத்தகடு போர்த்திய ஓக் பீப்பாய்களில் வெடிமருந்தை நிரப்பி, கப்பலின் மீது இறக்கி, மின்கலத்தின் மூலம் வெடிக்கச் செய்தார். நீருக்கடியில் மின்சாரத்தால் வெடிக்கச் செய்யும் முறையும், முக்குளிப்போர் இருவர் இருவராக இறங்கி ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளும் பழக்கமும் இந்த வேலையில்தான் வளர்ந்தன. ஒரு பெரிய வெடிப்பில் கரையிலிருந்த போர்ட்ஸ்மத், காஸ்போர்ட் ஊர்களின் சன்னல் கண்ணாடிகள் உடைந்தனவாம். 1843 அளவில் வேலை முடிந்தபோது, அடியில் ஆராய்வதற்கு உருவான கப்பல் என்று எதுவும் மிஞ்சவில்லை. எந்தச் சட்டம் 1782-இல் முறிந்தது, எது பாஸ்லியின் மருந்தால் முறிந்தது என்று பிரித்தறிய இனி வழியே இல்லை.

என் சாய்வு ஆழமானியின் பக்கம்தான். கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்ததும், பாய்மரங்கள் அடிப்பகுதியோடு பிணைப்பு விடாமல் நின்றதும், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பீரங்கிகள் தளங்களிலேயே அகப்பட்டதும், பக்கவாட்டில் பெரிய முறிவு ஏற்பட்ட கப்பலின் அடையாளங்களாகத் தோன்றவில்லை.

ஆழமானி

ஓக்கட்டை சொன்ன 'இரண்டும் சேர்ந்தே' என்ற கருத்தை ஓரளவு ஏற்கிறேன். மில்பேங்க் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மரம் உளுத்திருந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உண்மையாக இருப்பதாலேயே மூழ்கியதற்கு அதுதான் காரணம் ஆகிவிடாது. முறியும் ஓசையைப் பற்றியும் ஒரு சொல்: பல டன் எடையுள்ள பீரங்கிகள் கட்டவிழ்ந்து சரிவில் உருண்டு எதிர்ப் பக்கத்துப் பலகைகளில் மோதினால் எழும் ஓசை என்னவாக இருக்கும்? கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு அதைச் சட்டம் முறியும் ஓசையிலிருந்து பிரித்தறிய நேரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

தீர்ப்பைப் படிக்கும்போது நாள்களையும் கவனிக்க வேண்டும். விசாரணை நடந்தது செப்டம்பர் 9. ஹௌவின் படை ஜிப்ரால்டருக்குப் புறப்பட்டது செப்டம்பர் 11. தலைமை வகித்த பாரிங்டன், சாட்சி சொன்ன மில்பேங்க், உறுப்பினர்கள் சிலர் எல்லாரும் அந்தப் படையிலேயே போக வேண்டியவர்கள். சாட்சிகளை நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்யவோ, தச்சரின் எச்சரிக்கையை யார் எப்போது கேட்டார்கள் என்று நிமிடக் கணக்கில் ஆராயவோ அவர்களுக்கு அவகாசமே இருக்கவில்லை. ஒரு கேப்டன் மீது குற்றம் சுமத்தினால், இதே முறையில் கப்பலைச் சாய்த்துப் பழுது பார்த்துவந்த ஒவ்வொரு கேப்டன் மீதும் அந்தக் குற்றம் படிந்திருக்கும். ஓக்கட்டை சொன்ன அனுபவசாலிகள் என்ற தகுதியே இங்கே அவர்களுக்குத் தடையாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்: வழக்கமான அளவுக்குத்தான் சாய்த்தார்கள் என்பது அவர்களுக்குப் போதுமான விடையாகத் தோன்றியிருக்கிறது. வழக்கமான அளவே, முழுச் சரக்கு ஏற்றிய முதல் தரக் கப்பலுக்கு எவ்வளவு மெல்லிய இடைவெளியை விட்டுவைக்கிறது என்ற கேள்வியை அந்த அறையில் யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

ஓக்கட்டை

நாள்களைப் பற்றிய குறிப்பு வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரம் என்பது இரண்டு பக்கமும் வெட்டும். அதே அவசரம்தான் கப்பலை உலர்துறைக்கு அனுப்பாமல் தடுத்தது. அனுப்பியிருந்தால் குழாயோடு சேர்த்து உளுத்த சட்டங்களும் கண்ணில் பட்டிருக்கும். அந்த வகையில் வாரியத்தின் மீது விழுந்த பழி முற்றிலும் தவறான முகவரிக்குப் போகவில்லை என்றே இன்னமும் கருதுகிறேன். மூழ்கடித்தது சாளரம்தான் என்று நீங்கள் சொன்னால், இனி அதை எதிர்த்து வாதாட மாட்டேன். லெப்டினன்ட் தச்சரின் பேச்சை முதல் முறையே கேட்டு, 'லார்க்'கை அரைமணி நேரம் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால், உளுத்த மரத்தோடேயே அந்தக் கப்பல் ஜிப்ரால்டர் போய்த் திரும்பியிருக்கக்கூடும்.